பழைய மோட்டார் வண்டிக்கு மாற்று ஸ்டியரிங் பெட்டி தெரிந்தெடுத்தல்

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் எஞ்சின் நின்றுவிட்டால் வண்டி நிற்கும். பிரேக் தளர்ந்தால் கைப்பிரேக்கைக் கொண்டோ கியரைக் குறைத்தோ ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் ஓடும் வண்டியில் ஸ்டியரிங் கைவிட்டால் ஓட்டுநரிடம் வேறு உபாயம் எதுவும் எஞ்சுவதில்லை. இக்காரணம் பற்றியே, பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் செய்யும் மாற்றங்களுள் ஸ்டியரிங் பெட்டியை மாற்றுவது மிகுந்த யோசனைக்குரியதாகக் கருதப்படுகிறது. எஞ்சினிலோ பூச்சிலோ நேரும் பிழை பணத்தை விரயமாக்கும். இதில் நேரும் பிழை உயிரைத் தொடும்.

மும்பையின் சையனுக்கும் குர்லாவுக்கும் இடையே துறைமுக ரயில்பாதையில் அமைந்துள்ள சுனாபட்டி, பெயரிலேயே தன் பழைய தொழிலைத் தாங்கி நிற்கும் ஊராகும். ‘சுனா’ என்றால் சுண்ணாம்பு. ‘பட்டி’ என்றால் காளவாய். இதன் அண்டையிலுள்ள குர்லாவில்தான், 1944-இல் தொடங்கப்பெற்ற பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை இயங்கிவந்தது. 1954 முதல் பியட் 1100 வண்டிகளும், 1970-களின் இடைப்பகுதியிலிருந்து அவற்றின் வழிவந்த பிரீமியர் பத்மினியும் அங்கிருந்து வெளிவந்தன. தாராவி, மாதுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழர்கள் இரண்டு தலைமுறைக் காலம் ஏறி இறங்கிய கறுப்பு-மஞ்சள் டாக்சி இந்தப் பத்மினியே. டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வயது வரம்பின் காரணமாக 2023 அக்டோபர் 30 முதல் அது மும்பைச் சாலைகளில் டாக்சியாக ஓடுவதில்லை. ஆயினும் சொந்த வண்டியாக அதைப் பேணுவோர் பலர் உள்ளனர். வில்லிஸ் ஜீப்பையும், 1930-களின் ஃபோர்டு, செவர்லே வண்டிகளையும் பேணுவோரும் இருக்கின்றனர். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை மும்பையின் சிவ்ரியில் வண்டிகளைக் கோத்து விற்றது. மஹிந்திரா நிறுவனம் 1947 முதல் மஜ்காவில் ஜீப்புகளைக் கோத்தது. ஆகவே இப்பழைய வண்டிகளுள் பல இந்நகரிலேயே பிறந்தவை எனலாம்.

அமெரிக்காவில் இத்தகைய பழைய வண்டியின் உடலை வைத்துக்கொண்டு, எஞ்சின், அச்சு, ஸ்டியரிங் முதலியவற்றை மாற்றி வேகமாக ஓடச் செய்யும் பழக்கம் 1930-களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பெருகியது. அவ்வண்டிக்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். அவர்கள் பல்லாண்டு சோதித்தறிந்த பாடங்கள், வண்டியை மாற்ற விரும்பாமல் உள்ளபடியே காக்க விரும்புவோருக்கும் பயன்படும். ஸ்டியரிங்கின் கணக்கு இருவருக்கும் ஒன்றே.

ஸ்டியரிங் பெட்டி செய்யும் வேலை யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர் பிடிக்கும் கைச்சக்கரத்தின் சுழற்சியை இது ஒரு நெம்புகோலின் சிறு வீச்சாக மாற்றுகிறது. அந்நெம்புகோலைப் பட்டறையில் ‘டிராப் ஆர்ம்’ என்பர். அது ‘டிராக் லிங்க்’ என்னும் கம்பியைத் தள்ள அல்லது இழுக்க, முன் சக்கரம் ஏறியுள்ள ஸ்டப் ஆக்சில், கிங் பின்னைச் சுற்றித் திரும்புகிறது. இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் மறுபக்கச் சக்கரத்தையும் உடன் திருப்புகிறது. வளைவில் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிடச் சற்று அதிகம் திரும்பவேண்டும் என்னும் தத்துவம் மோட்டாருக்கு முந்தியது. மியூனிக்கைச் சேர்ந்த லாங்கென்ஸ்பெர்கர் என்னும் வண்டித் தச்சர் கண்ட அமைப்புக்கு, 1818-இல் லண்டனில் ரூடால்ஃப் ஆக்கர்மன் உரிமை பெற்றார். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்!

கைச்சக்கரம் எத்தனை பாகை சுழன்றால் டிராப் ஆர்ம் ஒரு பாகை திரும்பும் என்பதே பெட்டியின் விகிதம். 15க்கு 1 விகிதமுள்ள பெட்டியில் கைச்சக்கரம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை 3 சுற்றுச் சுற்றினால், 1080 பாகையை 15-ஆல் வகுக்க, டிராப் ஆர்ம் 72 பாகை வீசும். அதே வீச்சை 24க்கு 1 பெட்டியில் பெற ஏறத்தாழ 5 சுற்றுகள் வேண்டும். விகிதம் உயர்ந்தால் கை வலிக்காது. ஆனால் குறுகிய சந்தில் திருப்பும்போது கைகள் ஓயாது சுற்றவேண்டியிருக்கும். விகிதம் தாழ்ந்தால் வண்டி சட்டென்று திரும்பும். நிறுத்தும் இடத்தில் தோள் நோகும்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். கைச்சக்கரத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர், ஓட்டுநர் விளிம்பில் செலுத்தும் விசை 5 கிலோகிராம் எனக் கொள்வோம். அப்போது முறுக்கு 1 கிலோகிராம்-மீட்டர். 16க்கு 1 பெட்டி உராய்வின்றி இயங்கினால் டிராப் ஆர்மின் அச்சில் 16 கிலோகிராம்-மீட்டர் கிடைக்கும். ஆர்மின் நீளம் 15 சென்டிமீட்டரானால் டிராக் லிங்க்கில் எழும் விசை ஏறக்குறைய 107 கிலோகிராம். நீளம் 12 சென்டிமீட்டரானால் அது 133 கிலோகிராமாக உயரும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. 35 பாகை திரும்பும்போது 15 சென்டிமீட்டர் ஆர்மின் முனை 8.6 சென்டிமீட்டர் நகரும். 12 சென்டிமீட்டர் ஆர்மின் முனை 6.9 சென்டிமீட்டரே நகரும். முன் சக்கரம் முழுதும் திரும்புவதற்கு அது போதாமற் போகலாம். பள்ளியில் நெம்புகோல் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

மேற்கண்ட கணக்கில் உராய்வு ஒதுக்கப்பட்டது. உண்மையில் பெட்டியின் வகையைப் பொறுத்து உராய்வு பெரிதும் வேறுபடும். வகைகளின் வரலாறே உராய்வைக் குறைக்க எடுத்த முயற்சிகளின் வரலாறுதான். தொடக்கத்தில் ‘வார்ம்’ என்னும் திருகுத்தண்டும், அதனோடு பல் பொருந்திய ‘செக்டர்’ என்னும் அரைவட்டப் பல்சக்கரமும் பயன்பட்டன. 1928-இன் ஃபோர்டு ‘ஏ’ மாடல் வண்டியில் ஏழு பல் கொண்ட செக்டரும் 11¼க்கு 1 விகிதமும் இருந்தன. 1929-இல் அது இரண்டு பல் கொண்டதாக மாற்றப்பட்டு விகிதம் 13க்கு 1 ஆயிற்று. பல்லும் திருகும் ஒன்றன்மேலொன்று வழுக்கித் தேய்வது இவ்வகையின் குறை. பின்னர் பல்லுக்குப் பதிலாகச் சுழலும் உருளையை வைத்தனர். இதுவே வார்ம்-ரோலர் வகை. பியட் 1100-இலும் பத்மினியிலும் உள்ளது இதுவே. ஜீப்பில் அமைந்தது மற்றொரு வகை: சுருள் பள்ளம் வெட்டிய தண்டில் இரண்டு கூம்பு முளைகள் பொருந்தி நகரும் ராஸ் கம்பெனியின் கேம்-லீவர் பெட்டி. முளை பள்ளத்தின் சுவரை உரசிக்கொண்டே செல்வதால், பழைய ஜீப்பை ஓட்டியவர்கள் அதன் ஸ்டியரிங் ஆட்டத்தை நன்கறிவர். 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர் வட்டாரம் தோறும் புழுதியில் ஓடிய ஜீப்புகளை நினைவுகூரும் மூத்த ஊழியர்க்கு இது புதிய செய்தியாகாது.

1940-இல் அமெரிக்கக் கடிலாக் வண்டியில் சாகினா நிறுவனத்தின் புதிய பெட்டி இடம்பெற்றது. இதில் திருகுத்தண்டுக்கும் அதன்மேல் நகரும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டோடி, ஒரு குழாய் வழியே தொடக்கத்துக்கே திரும்பி வருகின்றன. வழுக்குதல் உருளுதலாக மாறியதால் உராய்வு வெகுவாகக் குறைந்தது. அமெரிக்க ஜீப்புகளும் 1972 முதல் இவ்வகைக்கே மாறின. நான்காவது வகையான ரேக்-பினியன் புதியதென்று பலர் எண்ணுகின்றனர். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடர் வண்டி அதைத் தொடக்க முதலே தாங்கி வந்தது என்பது அவர்கள் கவனிக்கத்தக்கது.

பெட்டியை மாற்றத் தீர்மானிக்குமுன், குற்றம் உண்மையிலேயே பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பட்டறைகளில் இந்தப் படியைத் தாண்டிச் செல்வோரே அதிகம். ஒருவர் ஓட்டுநர் ஆசனத்திலமர்ந்து கைச்சக்கரத்தை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்டவேண்டும். மற்றொருவர் கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். பெட்டிக்குள் நுழையும் தண்டு சுழன்றும் டிராப் ஆர்ம் அசையாமலிருந்தால் ஆட்டம் பெட்டிக்குள் உள்ளது. ஆர்ம் அசைந்தும் சக்கரம் அசையாவிடில் பந்து மூட்டுகளோ கிங் பின்னோ தேய்ந்துள்ளன. பெட்டியே சேசிஸின்மேல் அசைந்தால் போல்ட்டு தளர்ந்திருக்கலாம். அல்லது, இது மிக அபாயமானது, சேசிஸ் தகட்டில் விரிசல் விழுந்திருக்கலாம். சில நூறு ரூபாயில் முடியும் டை ராட் முனையை மாற்றாமல், நல்ல பெட்டியைக் கழற்றி எறிந்த கதைகள் ஏராளம்.

ஆட்டம் பெட்டியில்தான் என்று உறுதியானாலும் உடனே மாற்றவேண்டுமென்பதில்லை. செக்டர் தண்டின் தலைப்பில் ஒரு திருகு உண்டு. அதை முடுக்கினால் பற்கள் நெருங்கி ஆட்டம் குறையும். இங்கு ஒரு நுட்பம் உளது. வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகவே ஓடுவதால், திருகுத்தண்டின் நடுப்பகுதி அதிகமாகத் தேய்கிறது. கோடிகள் புத்தம் புதியனபோல் இருக்கும். இதை எதிர்பார்த்தே தயாரிப்பாளர்கள் நடுவிடத்தைச் சற்று இறுக்கமாக அமைக்கின்றனர். அந்த இறுக்கம் முழுதும் தேய்ந்தபின், நடுவில் ஆட்டம் நீங்கும்வரை திருகை முடுக்கினால் கோடிகளில் பெட்டி பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய கைச்சக்கரம் தானாக மீளாது. ஆகவே முதலில் வார்ம் பேரிங்குகளின் இறுக்கத்தைச் சரிசெய்து, பின்பு நடுவிடத்தில் செக்டரைச் சரிசெய்து, அதன்பின் இரு கோடிவரையும் சுழற்றிப் பார்க்கவேண்டும். இவற்றை டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டே செய்வது முறை. எங்கேனும் பிடித்தால் அந்தத் தண்டின் காலம் முடிந்தது எனக் கொள்ளலாம்.

மாற்றுப் பெட்டியைத் தேடும்போது முதலில் நாடவேண்டியது அதே வண்டியின் பெட்டியே. பத்மினி போன்று பல ஆயிரக்கணக்கில் ஓடிய வண்டிக்கு, உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து பெட்டி கிடைப்பது அரிதன்று. குர்லாவின் பழைய பாகக் கடைகளில் விசாரிப்போர் வெறுங்கையுடன் திரும்புவதும் குறைவு. ஆனால் அங்குக் கிடைப்பது ஏற்கனவே ஒரு வாழ்நாள் உழைத்த பெட்டி என்பதை மறக்கலாகாது. வாங்குமுன் உள்தண்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். நடுவிடத்தைத் தாண்டும்போது மெல்லிய இறுக்கம் தென்படின் நன்று. ‘கடக்’ என்ற தடக்கம் தென்படின் உருளையிலோ திருகிலோ குழி விழுந்துள்ளது. இவ்வுறுப்புகளின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருப்பதால், அந்த மேல்தோல் உரிந்தபின் உள்ளிருக்கும் மென்மையான எஃகு விரைவில் கரைந்துவிடும். அத்தகைய பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

மும்பையில் மற்றொரு சோதனையும் அவசியம். மூடியைத் திறந்து எண்ணெயைப் பார்க்கவேண்டும். பால் நிறமாக இருந்தால் நீர் புகுந்துள்ளது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது நகரில் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. அத்தகைய பேரிடர் இல்லாத ஆண்டுகளிலும் குர்லா, சுனாபட்டிப் பகுதிகளின் தாழ்வான இடங்களில் மழைக்காலத்தில் நீர் தேங்குவது வழக்கம். நீர் புகுந்து நின்ற பெட்டியில் பேரிங் குண்டுகள் ஓரிடத்திலேயே துருவேறிப் பள்ளமிட்டிருக்கும். எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டியான கிரீஸை அடைத்து விற்கும் பெட்டியையும் சந்தேகத்துடன் பார்க்கவேண்டும். எண்ணெய் கசியாமலிருக்கவே பெரும்பாலும் அவ்வாறு செய்கின்றனர். எண்ணெய்க்கென அமைந்த பெட்டியில், தண்டு அக்கிரீஸில் ஒரு தடம் வெட்டிக்கொண்டு அப்பால் உலர்ந்தே சுழலும்.

அதே பெட்டி கிடைக்காதபோதுதான் வேறு வண்டியின் பெட்டியைப் பொருத்தும் பிரச்சினை எழுகிறது. அமெரிக்காவில் 1930-களின் ஃபோர்டு வண்டிகளுக்கு 1948–52 காலத்து எஃப்-1 லாரியின் பெட்டியும், 1971–77 காலத்துச் செவர்லே வேகா காரின் சிறு பெட்டியும் பெயர் பெற்றவை. இவ்விரண்டும் பொருந்தும் முறை வேறு. எஃப்-1 பெட்டியின் ஆர்ம் முன்னும் பின்னுமாக வீசி, வண்டியின் நீளவாட்டில் செல்லும் டிராக் லிங்க்கை இயக்குகிறது. வேகா பெட்டியின் ஆர்ம் இடவலமாக வீசி, குறுக்குவாட்டில் செல்லும் லிங்க்கை இயக்குகிறது. அங்குள்ள வண்டிகள் இடப்புறம் அமர்ந்து ஓட்டுபவை. நம் வண்டிகள் வலப்புறம் அமர்ந்து ஓட்டுபவை. எனவே அமெரிக்க நூல்களில் கண்டபடியே வாங்கிப் பொருத்த முற்படுவோர் ஒரு வினோதமான அபாயத்தை எதிர்நோக்குகின்றனர்: கைச்சக்கரத்தை வலப்புறம் திருப்ப, வண்டி இடப்புறம் திரும்பும்!

இதனைத் தவிர்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. பெட்டியை அதன் உள்தண்டைச் சுற்றித் தலைகீழாகப் புரட்டி, ஆர்மை முன்போலவே தொங்கவிட்டால் இயக்கம் ஒருமுறை எதிராகும். ஆர்ம் கீழ்நோக்குவதற்குப் பதில் மேல்நோக்கினாலும், குறுக்கு லிங்க் அமைப்பில் ஆர்ம் பின்னோக்குவதற்குப் பதில் முன்னோக்கினாலும் மீண்டும் ஒருமுறை எதிராகும். குறுக்கு லிங்க்கானால், ஸ்டப் ஆக்சிலின் கை அச்சுக்கு முன்னே நீண்டுள்ளதா பின்னே நீண்டுள்ளதா என்பதே பொருட்டு. எந்தப் பக்கச் சக்கரம் என்பது பொருட்டன்று. நீள லிங்க்கில் நிலைமை வேறு. அங்கு ஸ்டப் ஆக்சிலின் கை வண்டியின் உட்புறம் நோக்கி நீண்டிருக்குமாயின், வலத் திருப்பத்துக்கு இடச்சக்கரத்தின் கை பின்னோக்கியும் வலச்சக்கரத்தின் கை முன்னோக்கியும் நகரவேண்டும். ஆகவே பக்கம் மாறினால் இயக்கமும் ஒருமுறை எதிராகிறது. மூல அமைப்பிலிருந்து செய்த இத்தகைய எதிர்மாற்றங்களை எண்ணவேண்டும். அவை இரட்டைப்படையானால் வண்டி சரியாகத் திரும்பும். ஒற்றைப்படையானால் எதிராகத் திரும்பும். அட்டையும் குண்டூசியும் கொண்டு இதை வகுப்பறை மேசையிலேயே செய்து காட்டலாம். இரும்பை வெட்டுமுன் அட்டையை வெட்டுவது எந்தப் பட்டறைக்கும் இழுக்காகாது. புரட்டிப் பொருத்திய பெட்டியில் எண்ணெய் நிரப்பும் துளை அடியில் போய்விடுவதையும், மேலே வந்துவிட்ட உறுப்புகளுக்கு எண்ணெய் எட்டாமற் போவதையும் கவனிக்கவேண்டும். சுழற்சி சரியாயிருப்பினும் இக்குறையே அப்பெட்டியை விரைவில் அழித்துவிடும்.

திசை சரியானபின் எடையைப் பார்க்கவேண்டும். இலேசான காருக்கென அமைந்த பெட்டியைக் கனமான முன்னச்சும் அகன்ற டயரும் கொண்ட வண்டியில் பொருத்துவது, சிறு கன்றை ஏரில் பூட்டுவதை ஒக்கும். வேகா பெட்டி பெயர் பெற்றது, உடற்பாகம் குறைந்த இலேசான ஹாட் ராட் வண்டிகளில்தான். ரேக்-பினியன் இலேசானதும் துல்லியமானதுமாயினும், தனித்தனி ஸ்பிரிங்குள்ள முன் சக்கரங்களுக்கே இயல்பாகப் பொருந்துவது. முழு அச்சு கொண்ட வண்டியில் ரேக் சேசிஸோடு நிலைத்திருக்க, அச்சோ மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும். சிறப்பான இணைப்புகளின்றி இரண்டும் ஒத்துப்போகா.

இங்கே பலரும் தவறும் ஓரிடம் வருகிறது. பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனை சேசிஸில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். மறுமுனை ஷாக்கிலில் ஊசலாடும். சக்கரம் மேட்டில் ஏறும்போது அச்சு ஏறத்தாழ அந்த நிலைத்த முனையை மையமாகக் கொண்ட வளைகோட்டில் செல்கிறது. டிராக் லிங்க்கின் முன்முனையோ டிராப் ஆர்மின் முனையை மையமாகக் கொண்ட வளைகோட்டில் செல்லவேண்டும். இரு மையங்களும் ஒரே பக்கத்தில் அருகருகே இருந்தால் வளைகோடுகள் ஏறக்குறைய ஒன்றும். ஒன்று முன்புறமும் மற்றொன்று பின்புறமும் இருந்தால், கைச்சக்கரம் அசையாதிருக்கும்போதே ஒவ்வொரு குழியிலும் முன் சக்கரங்கள் தாமே திரும்பும். குறுக்கு லிங்க் அமைப்பில், லிங்க் அச்சுக்கு இணையாகவும் இயன்றவரை நீளமாகவும் இருத்தல் வேண்டும். சரிவு மிகுந்தால் இதே கோளாறு தோன்றும். நிறுத்திய வண்டியில் இது தெரிவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், பாலத்தின் இணைப்பு மேட்டைத் தாண்டும்போதுதான் தெரியவரும்.

பொருத்தும் வேலையில் விதிகள் சிலவே. ஆனால் அவற்றில் தளர்வுக்கு இடமில்லை. பெட்டி வார்ப்பிரும்பானால் அதை வெல்டு செய்யலாகாது. சேசிஸில் தடித்த எஃகுத் தகட்டை இணைத்து, அதன்மேல் உயர்வலிமை போல்ட்டுகளால் பூட்டவேண்டும். மெல்லிய சேசிஸ் பக்கச்சட்டத்தில் நேரே துளையிட்டுப் பூட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் சட்டம் நெளிந்து நாளடைவில் கிழியும். டிராப் ஆர்மின் ஸ்பிளைன் வரிகள் பெட்டித் தண்டின் வரிகளோடு எண்ணிக்கையிலும் கூம்பிலும் ஒத்திருக்கவேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றியதை ‘பொருந்திவிட்டது’ எனக் கொள்ளலாகாது. ஆர்மை நெருப்பில் காய்ச்சி வளைப்பதும், இரண்டு துண்டுகளை வெல்டு செய்து நீட்டுவதும் பட்டறைகளில் காணப்படும் வழக்கங்களே. காய்ச்சியதில் எஃகின் பதம் போய்விடுகிறது. வெல்டு ஓரத்தில் தோன்றும் மயிரிழை விரிசல் கண்ணுக்குப் புலப்படாமல் வளர்ந்து, ஒருநாள் முறிகிறது. பந்து மூட்டுகளின் கூம்பும் துளையின் கூம்பும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒவ்வொரு நட்டிலும் ஸ்பிளிட் பின் இருத்தல் வேண்டும்.

கைச்சக்கரத் தண்டையும் பெட்டியையும் இணைக்க யூனிவர்சல் ஜாயிண்ட் உபயோகித்தால் அதன் கோணம் 30 பாகையைத் தாண்டாதிருத்தல் நலம். இரண்டு ஜாயிண்டுகள் வேண்டியிருப்பின் அவற்றின் கவைகள் ஒரே தளத்தில் அமையவேண்டும். இல்லையேல் சுழற்சி ஒருகால் இறுகியும் ஒருகால் தளர்ந்தும் வரும். மூன்று ஜாயிண்டுகள் வைத்தால் இடையில் தண்டைத் தாங்க ஒரு பேரிங் கட்டாயம். இறுதியாக, உள்தண்டைக் கோடிக்குக் கோடி சுழற்றிச் சுற்றுகளை எண்ணி, அதிற் பாதியில் நிறுத்தி, சக்கரங்கள் நேராக உள்ளபோது ஆர்மை ஏற்றவேண்டும். நடுவிடத்தில் உள்ள இறுக்கம் நேர் ஓட்டத்தில் அமைவது இதனால்தான். பின்பு கைச்சக்கரம் கோணலாக நின்றால் அதைக் கழற்றித் திருத்தலாம். சோம்பல் காரணமாக டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றிக் கைச்சக்கரத்தை நேராக்கினால் பெட்டியின் நடுவிடம் தவறிவிடும்.

சட்டத்தின் நிலையும் அறியத்தக்கது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை வலியுறுத்தியது. 2021 ஜூலையில் வெளியான மத்திய விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகள் ‘விண்டேஜ்’ எனத் தனியே பதிவாகலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; சான்றிதழ் 10 ஆண்டு செல்லும்; அன்றாடப் போக்குவரத்துக்கும் வாணிகத்துக்கும் அவ்வண்டியை ஓட்டலாகாது. வண்டி மூல உருவில் பேணப்பட்டதாகவும், சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் காணாததாகவும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே, அந்நியப் பெட்டிக்காகச் சேசிஸை வெட்டி ஒட்டுபவர், எளிதாகத் திரும்பும் வண்டியைப் பெற்று, விண்டேஜ் பதிவுக்குரிய தகுதியை இழக்க நேரிடலாம். மூலப் பெட்டியைப் புது உருளையும் புது பேரிங்கும் இட்டுப் புதுப்பிப்பதே, செலவு கூடினும், பெரும்பாலான வண்டிகளுக்கு ஏற்றது என்னும் அபிப்பிராயத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பொருத்தி முடித்தபின் முன் சக்கரங்களைத் தரையினின்று உயர்த்தி, கைச்சக்கரத்தைக் கோடிக்குக் கோடி திருப்பிப் பார்க்கவேண்டும். ஸ்டப் ஆக்சிலின் தடுப்பு முளைகள் அச்சில் முட்டும்போது, பெட்டிக்குள் இருபுறமும் சிறிது சுழற்சி மிச்சமிருத்தல் அவசியம். மிச்சமில்லையேல், கல்லில் மோதும் சக்கரத்தின் அதிர்ச்சி முழுவதையும் பெட்டியின் பற்களே தாங்கவேண்டி வரும். பிரேக் ஹோஸ் எங்கும் உரசலாகாது. முதல் ஓட்டம் திறந்த மைதானத்தில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குள், அருகில் ஆளின்றி நடைபெறவேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் முடுக்கிப் பார்த்து, எண்ணெய் மட்டத்தையும் சோதித்து, அதன் பின்னரே வண்டியை நகர்ச் சாலையில் இறக்கலாம்.